கிஜுபாய் பதேகா

கிஜுபாய் பதேகா (நவம்பர் 15, 1885 - ஜூன் 23, 1939) குஜராத்தைச் சேர்ந்த கல்வியாளரும் சிறுவர் இலக்கிய எழுத்தாளரும் ஆவார். இவரது இயற்பெயர் கிரிஜாசங்கர் பகவான்ஜி பதேகா என்பதாகும். வழக்கறிஞராக வாழ்க்கையைத் தொடங்கிய இவர், பின்னர் அத்தொழிலைத் துறந்து பாவ்நகரில் 1920 ஆம் ஆண்டு தட்சிணாமூர்த்தி பாலமந்திர் என்னும் குழந்தைகள் பள்ளியை நிறுவினார். மரியா மாண்டிசோரியின் கல்விமுறையை இந்தியச் சூழலுக்கு ஏற்ப மாற்றி அமைத்தவர்களுள் இவர் முதன்மையானவர். அடியும் அச்சமும் இன்றிக் குழந்தைகளுக்குக் கற்பிக்க இயலும் என்பதையும், வரலாறு, புவியியல் போன்ற பாடங்களைக் கதை, நாடகம், பயணம், கைவேலை ஆகியவற்றின் வழியாகவே நன்கு கற்பிக்கலாம் என்பதையும் எழுத்திலும் செயலிலும் எடுத்துக்காட்டினார். குஜராத் மக்கள் இவரை மீசை வைத்த தாய் என்று பொருள்படும் மூச்சாளி மா என்னும் பெயரால் அழைத்தனர். இவர் எழுதிய திவாஸ்வப்னம் என்னும் நூல் தமிழில் பகல் கனவு என்ற பெயரில் வெளிவந்துள்ளது.

இளமைக் காலம்

கிஜுபாய் சௌராட்டிரப் பகுதியில், இன்றைய அம்ரேலி மாவட்டத்தில் உள்ள சித்தல் என்னும் ஊரில் பிறந்தார். இவரது இளமைப் பருவம் பாவ்நகருக்கு வடமேற்கே உள்ள வளா என்னும் சிற்றூரில் கழிந்தது. வல்லபிபூர் என இன்று அழைக்கப்படும் இவ்வூர், கி.பி. ஐந்தாம் நூற்றாண்டு முதல் எட்டாம் நூற்றாண்டு வரை மைத்திரக மன்னர்களின் தலைநகராக விளங்கிய வல்லபி ஆகும். நாளந்தாவுக்கு இணையாகப் பேசப்பட்ட பௌத்தக் கல்வி நிலையம் ஒன்று இங்கு இருந்தது. சீனப் பயணி யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் இவ்வூருக்கு வந்து சென்றுள்ளார். இத்தகைய ஊரில் வளர்ந்த சிறுவன், மண்ணில் புதைந்து கிடந்த அந்த வரலாற்றைப் பள்ளியில் அறிய வாய்ப்பில்லை. அக்காலத் தொடக்கப் பள்ளிகளில் வரலாறு என்பது மன்னர் பெயர்களும் ஆண்டுகளும் ஆகும். புவியியல் என்பது ஆறுகள், மலைகள், முனைகள், தலைநகரங்கள் ஆகியவற்றின் பட்டியலாகும். ஆசிரியர் சொல்லச் சொல்ல மாணவர் ஒரே குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறினால் பிரம்படி கிடைக்கும். பிற்காலத்தில் கிஜுபாய் பள்ளிகளைப் பற்றி எழுதிய கடுமையான பகுதிகளுக்கு, தாம் பயின்ற பள்ளியின் நினைவுகள் அடிப்படையாக அமைந்தன.

தொடக்கக் கல்விக்குப் பின்னர் இவர் பாவ்நகரில் பயின்றார். பாவ்நகர் அக்காலத்தில் ஒரு சுதேச சமத்தானத்தின் தலைநகராகும். பள்ளி இறுதித் தேர்வுக்குப் பின்னர்க் குடும்பச் சூழல் காரணமாக உயர்கல்வியைத் தொடர இயலவில்லை.

ஆப்பிரிக்கப் பயணமும் வழக்கறிஞர் தொழிலும்

குஜராத்தின் கடற்கரை ஊர்களில் இருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் பிழைப்புத் தேடிச் செல்வது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. கிஜுபாயும் 1907 ஆம் ஆண்டு அங்குச் சென்றார். ஓர் ஆங்கிலேய வழக்கறிஞரிடம் பணியாற்றிய இவர், எந்த வேலையையும் பிறர் உதவியை எதிர்பாராமல் தானே செய்துகொள்ளும் பழக்கத்தை அங்குக் கற்றுக்கொண்டார். குழந்தை தன் வேலையைத் தானே செய்ய வேண்டும், பெரியவர்கள் குறுக்கே நிற்கக் கூடாது என்னும் மாண்டிசோரியின் கருத்து பின்னாளில் இவரை எளிதில் ஈர்த்தமைக்கு இவ்வனுபவமும் ஒரு காரணம் எனலாம். ஆப்பிரிக்கப் பயணத்தைப் பற்றிச் சிறுவர்களுக்காகத் தனி நூல் ஒன்றையும் பின்னர் எழுதினார்.

1909 ஆம் ஆண்டு தாயகம் திரும்பி, பம்பாயில் சட்டம் பயின்றார். பின்னர் வத்வான் என்னும் ஊரில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். தொழில் நன்றாகவே நடந்தது. அவ்வழியே தொடர்ந்திருந்தால் வசதியான வாழ்க்கை அமைந்திருக்கும்.

மகனின் பிறப்பு

1913 ஆம் ஆண்டு இவருக்கு நரேந்திரன் என்னும் மகன் பிறந்தான். இம்மகனை எவ்வாறு வளர்ப்பது, எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்னும் கேள்வியே கிஜுபாயின் வாழ்க்கையைத் திசை திருப்பியது. தாம் பயின்றது போன்ற பள்ளிக்கு மகனை அனுப்ப இவருக்கு மனம் ஒப்பவில்லை. வேறு பள்ளியும் அருகில் இல்லை. குழந்தை வளர்ப்புப் பற்றிய நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினார். இத்தேடலின்போது, குஜராத்தில் நூலக இயக்கத்தை வளர்த்தவரான மோதிபாய் அமீனைச் சந்தித்தார். அவர் வழியாக மாண்டிசோரி முறையைப் பற்றிய குஜராத்தி நூல் ஒன்று இவருக்குக் கிடைத்தது. உரோமை நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் மாண்டிசோரி 1907 ஆம் ஆண்டு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியிருந்தார். அங்குத் தண்டனையும் இல்லை, பரிசும் இல்லை என்பது கிஜுபாயைப் பெரிதும் கவர்ந்தது.

தன் மகனுக்காகத் தொடங்கிய தேடல், அண்டை வீட்டுக் குழந்தைகளைப் பற்றிய கவலையாகவும் பின்னர் ஊர்க் குழந்தைகள் அனைவரையும் பற்றிய கவலையாகவும் விரிந்தது.

தட்சிணாமூர்த்தி நிறுவனம்

பாவ்நகரில் நானாபாய் பட் என்னும் கல்வியாளர் 1910 ஆம் ஆண்டு தட்சிணாமூர்த்தி மாணவர் விடுதியைத் தொடங்கியிருந்தார். ஆலமரத்தடியில் அமர்ந்து பேசாமலே கற்பிக்கும் குருவின் பெயரை நிறுவனத்துக்குச் சூட்டியது தமிழ் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். விடுதி பின்னர்ப் பள்ளியாகவும் வளர்ந்தது. கிஜுபாய் 1916 ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிலை விட்டு இந்நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார்.

முதலில் உயர்நிலை மாணவர்களுடனேயே பணியாற்றினார். சில ஆண்டுகளிலேயே ஓர் உண்மையை உணர்ந்தார். அச்சமும் மனப்பாடப் பழக்கமும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குள் குழந்தையிடம் வேரூன்றி விடுகின்றன. அதன் பின்னர் எவ்வளவு நல்ல ஆசிரியர் வந்தாலும் அவற்றை நீக்குவது கடினம். எனவே மாற்றம் மிகச் சிறு வயதிலேயே தொடங்க வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தார்.

பாலமந்திர்

1920 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் முதல் நாள் தட்சிணாமூர்த்தி பாலமந்திர் தொடங்கப்பட்டது. இரண்டரை வயது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகள் இங்குச் சேர்க்கப்பட்டனர். பின்னர் பாவ்நகரின் தக்தேசுவரர் கோயில் குன்றை ஒட்டித் தனிக் கட்டடம் எழுப்பப்பட்டது. 1922 ஆம் ஆண்டு கஸ்தூரிபா காந்தி அதனைத் திறந்து வைத்தார்.

மாண்டிசோரிக் கருவிகளை வெளிநாட்டில் இருந்து வாங்குவதற்கு மிகுந்த பொருள் தேவைப்பட்டது. கிஜுபாய் உள்ளூர்த் தச்சர்களைக் கொண்டு அவற்றைச் செய்வித்தார். ஆயினும் கருவிகளை மட்டும் அவர் நம்பவில்லை. கதை, நாட்டுப்புறப் பாடல், கர்பா ஆட்டம், நாடகம், களிமண் வேலை, தோட்டம், நடைப்பயணம் ஆகியன பாலமந்திரின் அன்றாட நிகழ்ச்சிகளாக இருந்தன. இங்கு அவர் மாண்டிசோரியிடம் இருந்து வேறுபட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. சிறு குழந்தைகளுக்கு மாயக் கதைகள் சொல்வதை மாண்டிசோரி ஏற்கவில்லை. உண்மையையும் கற்பனையையும் பிரித்தறியும் வயது வரும்வரை அவை குழப்பத்தையே தரும் என அவர் கருதினார். கிஜுபாயோ கதையையே தம் கல்விமுறையின் நுழைவாயிலாக வைத்துக்கொண்டார். பாட்டி சொல்லும் கதையில் வளரும் நாட்டில் கதையை விலக்கிய பள்ளி குழந்தைக்கு அந்நியமாகவே இருக்கும் என்பது அவரது எண்ணம். இவ்வேறுபாட்டை அறியாமல் அவரை மாண்டிசோரி முறையை அப்படியே இறக்குமதி செய்தவராகச் சித்தரிப்பது பொருத்தமன்று.

அடிப்பதும் அச்சுறுத்துவதும் பாலமந்திரில் முற்றிலும் விலக்கப்பட்டிருந்தன. ஒரு குழந்தையை மற்றொரு குழந்தையுடன் ஒப்பிட்டுப் பேசுவதும் பரிசு கொடுப்பதும் கூட விலக்கப்பட்டன. பெற்றோர் பலருக்கு இது விளங்கவில்லை. பாடம் எங்கே, எப்போது எழுதக் கற்பிப்பீர்கள் என்று கேட்டனர். பெற்றோருக்கெனத் தனியே எழுத வேண்டிய தேவை அவருக்கு இதனால் ஏற்பட்டது.

திவாஸ்வப்னம்

கிஜுபாயின் நூல்களுள் மிகுந்த புகழ் பெற்றது 1932 ஆம் ஆண்டு வெளிவந்த திவாஸ்வப்னம் ஆகும். இந்நூல் ஓர் உண்மை அறிக்கை எனப் பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. இது ஒரு கற்பனைக் கதை. இலட்சுமிராம் என்னும் ஆசிரியர் தம் அனுபவத்தைத் தாமே கூறுவதாக அமைந்துள்ளது. ஆனால் அதில் வரும் சோதனைகள் கிஜுபாய் தம் பள்ளியில் பல ஆண்டுகள் செய்து பார்த்தவற்றில் இருந்து எழுந்தவை.

இலட்சுமிராம் கல்வி அதிகாரியிடம் சென்று, சாதாரணத் தொடக்கப் பள்ளியில் ஒரு வகுப்பை ஓராண்டுக்குத் தம்மிடம் ஒப்படைக்குமாறு வேண்டுகிறார். நான்காம் வகுப்பு கிடைக்கிறது. ஆண்டு முடிவில் தேர்வு உண்டு என்பது நிபந்தனை. முதல் நாள் அவர் பெருந்திட்டத்துடன் செல்கிறார். கண்ணை மூடி அமைதியாக அமரும் விளையாட்டில் தொடங்குகிறார். மாணவர்கள் கூச்சலிடுகின்றனர், ஊளையிடுகின்றனர். திட்டம் முழுவதும் சிதைகிறது. வேறு வழியின்றி விடுமுறை விட்டு விடுகிறார். மற்ற ஆசிரியர்கள் நகைக்கின்றனர். அதிகாரியும் கண்டிக்கிறார். தோல்வியில் தொடங்கும் இப்பகுதியே நூலுக்கு நம்பகத்தன்மையை அளிக்கிறது. நூலில் காட்டிய வழிகள் வகுப்பறையில் உடனே பலிப்பதில்லை என்பதைக் கிஜுபாய் மறைக்கவில்லை.

மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு அமைதியாகிறது. கதை நாள்தோறும் தொடர்கிறது. கதையின் இடையிலேயே வருகைப்பதிவு எடுக்கப்படுகிறது. கதை கேட்ட மாணவர்கள் கதைப் புத்தகங்களைத் தேடுகின்றனர். ஒவ்வொருவரும் ஒரே பாடநூலை வாங்குவதற்குப் பதிலாக, அப்பணத்தைச் சேர்த்து வகுப்புக்கு ஒரு நூலகம் அமைக்கலாம் என்கிறார் ஆசிரியர். ஐம்பது பேரிடம் ஒரே நூலின் ஐம்பது படிகள் இருப்பதைவிட ஐம்பது வெவ்வேறு நூல்கள் இருப்பது நன்று என்னும் எளிய கணக்கு இது. பின்னர் விளையாட்டு, தூய்மை, இலக்கணத்தை விளையாட்டாகக் கற்பித்தல் எனச் சோதனைகள் விரிகின்றன. நகம் வெட்டுவதும் வகுப்பறையைப் பெருக்குவதும் ஆசிரியரின் வேலையா என மற்றவர்கள் வியக்கின்றனர்.

வரலாற்றுப் பாடத்தில் இலட்சுமிராம் பாடநூலை ஒதுக்கி வைக்கிறார். வரலாற்று உண்மையைக் கருவாக வைத்துக்கொண்டு அதனைச் சுற்றிக் கதை பின்னிச் சொல்கிறார். மன்னன் பிறந்த ஆண்டைவிட அவன் காலத்தில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதே குழந்தையின் மனத்தில் முதலில் பதிய வேண்டும். பின்னர் ஆண்டுகள் தாமே வந்து பொருந்தும் என்பது அவரது வாதம். கதை கேட்ட மாணவர்கள் அதனை நாடகமாக நடித்துப் பார்க்கின்றனர். வசனங்களை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்விப்பது இல்லை. கதையின் போக்கை அறிந்த மாணவர்கள் தம் சொந்தச் சொற்களில் பேசுகின்றனர். கிடைத்த துணியும் தாளும் குச்சியும் அணிகலன்களாகின்றன. மறந்து போகும் என்ற அச்சம் இன்றி நடிக்கும் மாணவர்களைக் கண்டு பார்வையாளர்கள் வியக்கின்றனர்.

ஆண்டு முடிவில் இலட்சுமிராம் தேர்வையும் தரவரிசையையும் பற்றிக் கேள்வி எழுப்புகிறார். முதல் மாணவர்களுக்குப் பரிசாக வழங்கும் தொகையைப் பள்ளி நூலகத்துக்குச் செலவிடலாம் என்னும் யோசனை ஏற்கப்படுகிறது. தொடக்கத்தில் ஐயத்துடன் இருந்த அதிகாரியே முடிவில் அவருக்குத் துணை நிற்கிறார். இப்பகுதியை மட்டும் வைத்து இந்நூலின் தலைப்பைப் பகல் கனவு எனக் கொள்ளலாம். கல்வித் துறையில் இத்தகைய அதிகாரிகளைக் காண்பது அன்றும் அரிது.

நாட்டை அறியும் பாடம்

வரலாறு, புவியியல், குடிமையியல் மூன்றும் தனித்தனிப் பாடங்களாக இருந்த காலத்தில் கிஜுபாய் அவற்றைக் குழந்தையின் வாழ்க்கையோடு இணைத்தே நோக்கினார். 1937 ஆம் ஆண்டு வார்தா மாநாட்டுக்குப் பின்னர் ஜாகிர் உசேன் குழு வகுத்த ஆதாரக் கல்விப் பாடத்திட்டத்தில்தான் இவை சமூகப் பாடம் என்னும் பெயரில் ஒன்று சேர்க்கப்பட்டன. இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே திவாஸ்வப்னம் வெளிவந்துவிட்டது.

அவர் கையாண்ட முறையில் அருகில் உள்ளது முதலில், தொலைவில் உள்ளது பின்னர் என்னும் வரிசை இருந்தது. ரகடு டோளி என்னும் அவரது நூலின் பெயரே சுற்றித் திரியும் கூட்டம் எனப் பொருள்படும். குழந்தைகள் ஊரைச் சுற்றிப் பார்ப்பது பாடத்துக்கு நடுவே கிடைக்கும் ஓய்வு அன்று, அதுவே பாடம் என அவர் கருதினார். மாண்டிசோரிக் கருவிகளுள் நிலமும் நீரும் வெவ்வேறாகத் தொட்டு உணரும்படி மணல்தாள் ஒட்டிய உலக உருண்டையும், நாடுகளைத் துண்டு துண்டாக எடுத்துப் பொருத்தும் மர நிலப்படங்களும் உண்டு. கையால் தொட்டு அறிந்த பின்னரே பெயரைக் கற்பது என்னும் இக்கொள்கை கிஜுபாய்க்கும் உடன்பாடே. தொடக்கப் பள்ளியில் கலையும் கைத்தொழிலும் கற்பிப்பது பற்றித் தனி நூலும் எழுதியுள்ளார்.

இம்முறையைத் தமிழகச் சூழலில் பொருத்திப் பார்த்தால் அதன் இயல்பு தெளிவாகும். எடுத்துக்காட்டாக, காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் அமைந்த வல்லம் வடகால் என்னும் ஊரைக் கொள்ளலாம். ஏரிப் பாசன வேளாண்மை நடந்த இப்பகுதியில் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ளது. பெண் தொழிலாளர்களுக்காகப் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட விடுதி வளாகம் 2024 ஆம் ஆண்டு இங்குத் திறக்கப்பட்டது. இத்தகைய ஊரில் நான்காம் வகுப்பு மாணவர்கள் ஏரிக்கரையில் நடந்து மதகும் கலங்கலும் எங்கே உள்ளன என்று நிலப்படம் வரையலாம். சாலையோரம் நின்று செல்லும் லாரிகளின் எண் பலகையில் உள்ள எழுத்துகளைக் குறித்துக்கொண்டால் இந்தியாவின் பாதி மாநிலங்கள் ஒரே காலையில் பட்டியலில் வந்துவிடும். ஒடிசாவில் இருந்தோ பீகாரில் இருந்தோ வந்த தொழிலாளர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, அவர் ஊரில் என்ன பயிர் விளைகிறது, எந்த ஆறு ஓடுகிறது, எத்தனை நாள் இரயிலில் வந்தார் என்று கேட்கலாம். அருகில் உள்ள ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர் என்பதால் பதினோராம் நூற்றாண்டு வரலாற்றுக்குக் கதையும் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் ஏரி நிரம்பிய ஆண்டுகளையும் நிலம் கைமாறிய விவரத்தையும் கேட்டு எழுதினால் அது ஊர் வரலாறாகவே அமையும். செலவு எதுவும் இல்லை. ஆசிரியர் வகுப்பறையை விட்டு வெளியே வர வேண்டும் என்பது மட்டுமே தேவை. கிஜுபாயின் காலத்திலும் மிகக் கடினமாக இருந்தது அதுவே ஆகும்.

ஆசிரியர் பயிற்சியும் இயக்கமும்

பாலமந்திரைப் போன்ற பள்ளிகள் பெருக வேண்டுமானால் ஆசிரியர்கள் தேவை. 1925 ஆம் ஆண்டு பாவ்நகரில் ஆசிரியர் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு முதல் மாண்டிசோரி மாநாடும் அங்கு நடைபெற்றது. இரண்டாவது மாநாடு 1928 ஆம் ஆண்டு அகமதாபாத்தில் நடந்தது. 1926 ஆம் ஆண்டு நூதன் பால சிக்ஷண் சங்கம் என்னும் குழந்தைக் கல்விக் கழகம் நிறுவப்பட்டது. சிக்ஷண் பத்திரிகா என்னும் இதழும் நடத்தப்பட்டது.

இப்பணிகளில் இவருக்குத் துணையாக இருந்தவர் தாராபாய் மோடக் (1892 - 1973) ஆவார். கல்லூரிப் பணியை விட்டுப் பாவ்நகர் வந்த தாராபாய், கிஜுபாயுடன் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினார். பாலமந்திரில் பெரும்பாலும் நகர நடுத்தர வகுப்புக் குழந்தைகளே பயின்றனர் என்னும் குறை அக்காலத்திலேயே சுட்டப்பட்டது. இக்குறையைப் போக்கியவர் தாராபாயே. அவர் 1945 இல் மகாராட்டிரத்தின் போர்டி கிராமத்திலும் பின்னர்க் கோஸ்பாட் மலைப்பகுதியிலும் பழங்குடிக் குழந்தைகளிடையே இம்முறையைக் கொண்டு சென்றார். குழந்தைகள் பள்ளிக்கு வராவிடில் பள்ளி அவர்களது முற்றத்துக்குச் செல்லும் என்னும் அடிப்படையில் அவர் நடத்திய அங்கண்வாடி என்ற சொல் இன்று நாடு முழுவதும் வழங்குகிறது.

எழுத்துப் பணி

கிஜுபாய் குழந்தைகள், பெற்றோர், ஆசிரியர் ஆகிய மூன்று பிரிவினருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். இவற்றுள் பல சிறு வெளியீடுகள் ஆகும். குஜராத்தியில் குழந்தைகள் தாமே படிக்கத்தக்க நூல்கள் மிகக் குறைவாக இருந்த காலம் அது. நாட்டுப்புறக் கதைகளைக் கிராமங்களில் இருந்து திரட்டி, எளிய பேச்சு நடையில், திரும்பத் திரும்ப வரும் ஒலிநயத் தொடர்களுடன் எழுதினார். கதை சொல்லும் கலையை ஆராயும் வார்த்தானும் சாஸ்திர என்னும் நூலை 1925 இல் வெளியிட்டார். எந்த வயதுக் குழந்தைக்கு எவ்வகைக் கதை ஏற்றது, கதையை எவ்வாறு தேர்வது, எவ்வாறு சொல்வது என்பதை இந்நூல் விரிவாகக் கூறுகிறது. மாண்டிசோரி முறையைப் பற்றிய நூல் 1927 இல் வெளிவந்தது. பெற்றோராக இருப்பது எத்துணைக் கடினம் என்பதைப் பேசும் நூலும், பெரியவர்கள் அன்றாடம் குழந்தைகளைக் கடிந்துகொள்ளும் சிறு நிகழ்ச்சிகளைத் தொகுத்த நூலும் குஜராத் வீடுகளில் பரவலாகப் படிக்கப்பட்டன. குஜராத்தி இலக்கியத்துக்கான ரஞ்சித்ராம் தங்கப் பதக்கம் 1929 ஆம் ஆண்டுக்கு இவருக்கு வழங்கப்பட்டது.

விடுதலைப் போராட்டக் காலம்

1930 ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தைத் தொடர்ந்து குஜராத்தில் வரிகொடா இயக்கம் நடந்தது. அரசின் அடக்குமுறையைத் தாங்காத உழவர் குடும்பங்கள் ஊர்களை விட்டு வெளியேறி அருகில் இருந்த சமத்தான எல்லைக்குள் தங்கின. கிஜுபாய் இவ்வாறு இடம்பெயர்ந்தோர் முகாம்களுக்குச் சென்று மக்களிடையே கல்விப் பணி செய்தார். சிறுவர்களைத் திரட்டி வானர சேனை அமைப்பதிலும் ஈடுபட்டார். முதியோருக்கு எழுத்தறிவு தரும் திட்டத்திலும் ஆர்வம் காட்டினார். ஆயினும் அரசியல் அவரது முதன்மைக் களம் அன்று. வீட்டிலும் பள்ளியிலும் அச்சத்தில் வளரும் குழந்தை நாட்டு விடுதலையின் பொருளை உணர முடியாது என்பதே அவரது நிலைப்பாடாக இருந்தது.

இறுதிக் காலம்

இருபது ஆண்டுகள் பணியாற்றிய தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் இருந்து கிஜுபாய் 1936 ஆம் ஆண்டு விலகினார். தாம் உருவாக்கிய பாலமந்திரை விட்டுப் பிரிந்தது அவருக்கு எளிதாக இருந்திருக்க இயலாது. ஆயினும் ஓய்ந்துவிடவில்லை. 1938 ஆம் ஆண்டு ராஜ்கோட்டில் ஆசிரியர் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். இடைவிடாத பணியால் உடல்நலம் குன்றியது. 1939 ஆம் ஆண்டு ஜூன் 23 ஆம் நாள் பம்பாயில் காலமானார். அப்போது அவருக்கு வயது 53.

அதே ஆண்டின் இறுதியில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து சேர்ந்தார். கீற்றுக் கொட்டகைகளில் நடந்த முதல் பயிற்சி வகுப்பில் நாட்டின் பல பகுதிகளில் இருந்தும் ஏறத்தாழ முந்நூறு பேர் கலந்து கொண்டனர். போர்ச்சூழலால் 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்த மாண்டிசோரி, இடையில் கோடைக்கானலிலும் சில ஆண்டுகள் வாழ்ந்து, தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைகளுக்கான இயற்கை, புவியியல், வரலாற்றுப் பாடங்களை உருவாக்கினார். இருபது ஆண்டுகளாக இந்திய மண்ணில் அவரது முறையை வளர்த்த கிஜுபாய் சில மாதங்கள் கூடுதலாக வாழ்ந்திருந்தால் அடையாறு வகுப்பில் அவரும் இருந்திருப்பார்.

மறைவுக்குப் பின்

குஜராத்துக்கு வெளியே கிஜுபாயின் பெயர் நெடுங்காலம் பரவலாக அறியப்படவில்லை. காசிநாத் திரிவேதி இவரது நூல்களை இந்தியில் மொழிபெயர்த்தார். நேஷனல் புக் டிரஸ்ட் நிறுவனம் திவாஸ்வப்னத்தை ஆங்கிலத்திலும் பிற இந்திய மொழிகளிலும் வெளியிட்ட பின்னரே இந்நூல் நாடெங்கும் உள்ள ஆசிரியர்களைச் சென்றடைந்தது. தமிழில் வெளிவந்த பகல் கனவு, ஆசிரியர் கூட்டங்களிலும் வாசிப்பு வட்டங்களிலும் தொடர்ந்து பேசப்படும் நூல்களுள் ஒன்றாக விளங்குகிறது.

தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை, 2007 - 2008 ஆம் கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. அட்டைகள், ஏணிப்படிகள், குழுக்கள் எனத் தனக்கே உரிய அமைப்பைக் கொண்ட இம்முறை ஆந்திர மாநிலத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளின் அனுபவத்தில் இருந்து உருவானது. கிஜுபாயின் முறையோடு இதற்கு நேரடித் தொடர்பு இல்லை. எனினும் ஆசிரியர் தரையில் குழந்தைகளோடு அமர வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. செயல்வழி வகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, பிள்ளைகள் விளையாடிக் கொண்டே இருக்கிறார்களே, பாடம் எப்போது நடத்துவீர்கள் என்று தமிழகப் பெற்றோர் சிலர் கேட்டனர். 1920 இல் பாவ்நகர்ப் பெற்றோர் கிஜுபாயிடம் கேட்டதும் இக்கேள்வியே.

தக்தேசுவரர் குன்றின் அருகில் அவர் தொடங்கிய பாலமந்திர் அவரது மறைவுக்குப் பின்னரும் தொடர்ந்து நடத்தப்பட்டு வருகிறது.